மேடத்தின் வடை

மைசூரில் அடுத்தவர் வடையை இத்தனை அறிவுப்பூர்வமாகத் தின்ற மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வடை அண்ணா என்றுதான் பெயர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துக்காரர். என்னோடு ஆராய்ச்சி செய்தவர்.

பாக்டீரியாவிலிருந்து நாங்கள் எடுக்கும் டிஎன்ஏ வளையமாக இருக்கும். குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடத்தில் என்சைம் அதை வெட்டும். எங்கெங்கே வெட்டும் என்று ஒரு சாஃப்ட்வேர் முன்கூட்டியே காட்டிவிடும். புதிதாக யார் சேர்ந்தாலும் அண்ணா இதைக் கேன்டீனில் விளக்குவார், அவர்களுடைய உளுந்து வடையை வைத்து.

"ஒரு வெட்டு, ஒரு துண்டு. ரெண்டு வெட்டு, ரெண்டு துண்டு. வெளங்குச்சுங்களா?"

விளங்குவதற்குள் இரண்டு துண்டும் உள்ளே போயிருக்கும். இவருக்குப் பயந்து ஒரு பெண் தந்திரமாக இட்லி வாங்கினாள். மனுஷர் அதன் நடுவில் விரலால் ஓட்டை போட்டுவிட்டார்.

ஒரு வருஷம் மல்லுக்கட்டி நானும் ஒரு வளையத்தை உருவாக்கினேன். என்சைம் ஒரே இடத்தில்தான் வெட்டும் என்றது சாஃப்ட்வேர். வெட்டிப் பார்த்தால், துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு துண்டு! எங்கள் வழிகாட்டியான மேடம், டிஎன்ஏவே தப்பு, கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று கேன்டீனில் வைத்தே சொல்லிவிட்டார். அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. நான் லேப்டாப்பைத் திறந்து சாஃப்ட்வேர் காட்டிய அந்த ஒற்றை வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். பிறகு, ஐயோ, மேடத்தின் தட்டிலிருந்த வடையை எடுத்தார். ஓரிடத்தில் பிய்த்து நேராக நீட்டினார்.

"அம்மணி இதை வளையம்னு குடுக்காம நேர்கோடுன்னு குடுத்திருக்குதுங்க மேடம். சாஃப்ட்வேர் இந்த எடத்துல பிச்சுப் போட்டுருச்சு. இன்னொரு வெட்டு இங்கதான் இருக்குது. அதோட எழுத்துல பாதி இந்த முனையில, பாதி அந்த முனையில. அதுக்கு எப்படீங்க தெரியும்?"

வளையம் என்று மாற்றினேன். இரண்டு வெட்டு காட்டியது. மேடம் திரையைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார், டியூபைப் பத்திரமாக வை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மேடத்திடமே எப்படி அண்ணா தைரியம் வந்தது என்று கேட்டேன்.

"தைரியமெல்லாம் ஏதுங்க அம்மணி? ஒரு வருஷப் பாடு போகுதேன்னு எந்திரிச்சுட்டேன். இன்னும் காலு நடுங்குது."

குனிந்து பார்த்தேன். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்த அண்ணன் இல்லையே என்ற குறை எனக்கு அன்றோடு போயிற்று.