மொட்டைமாடிச் சாவி

பேராசிரியர், தாம் குடியிருந்த கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரான மறுநாளே மொட்டைமாடியைப் பூட்டிவிட்டார். சாயங்காலமானால் அங்கே பெண்கள் கூடிப் பேசுவார்கள். அவர் வீடு சரியாக அதற்குக் கீழே. மக்கள் ஏன் கூட்டம் கூடுகிறார்கள் என்று அவர் எழுதிவந்த பெரிய புத்தகம், மேலே மக்கள் கூடியிருந்ததால் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. துணி காயப்போட வந்தவர்கள்கூட அவருடைய அத்தியாயத்தை மிதித்துக்கொண்டுதான் போனார்கள்.

பூட்டியதும் கட்டடமே முணுமுணுத்தது. அவர் அசரவில்லை. இந்த விஷயத்தில் ஊருக்கே பாடம் நடத்துகிறவர் அல்லவா? சாப்பிடும்போது மனைவிக்குப் பொறுமையாக விளக்கினார். மனக்குறை இருந்தால் மட்டும் போராட்டம் வந்துவிடாது. கோபம் எல்லாருக்கும் இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் போய்க் கேட்கட்டும் என்று ஒவ்வொருவரும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

"அப்ப எப்பத்தாங்க வரும்?" என்று கேட்டாள் மனைவி.

அவருக்குப் புல்லரித்துவிட்டது. கல்யாணமானதிலிருந்து அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. கை காய்வதுகூடத் தெரியாமல் பேசினார்.

"கூடறதுக்கு ஓர் இடம் வேணும். கோபத்தை வெளிய காட்ட எல்லாருக்கும் பொதுவா ஏதாவது வேணும். முதல்ல ஒருத்தர் துணிஞ்சு இறங்கணும். இங்க இருந்த ஒரே இடத்தையும் பூட்டியாச்சு. இனிமே ஒண்ணும் நடக்காது."

"எவ்வளவு யோசிச்சிருக்கீங்க," என்றபடி அவள் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்தால், படிக்கட்டுக் கைப்பிடி முழுக்க ஈரத்துணி. கீழ்த்தளத்திலிருந்து அவர் வாசல் வரை போர்வையும் துண்டும் சொட்டிக்கொண்டிருந்தன. குனிந்து, ஒதுங்கி, பாதி நனைந்து உள்ளே நுழைந்தார். கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவர் கூடத்தில் இருந்தார்கள். தையல்கார அம்மா அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மாடி பூட்டியிருப்பதால் வேறு இடமில்லை என்று மரியாதையாகச் சொன்னார்.

உங்களுக்குத் தலைவி யார் என்று கேட்டார் பேராசிரியர். எல்லாரும் டீ குடித்தார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்தவளை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்காரி டீ கொடுக்கத்தானே செய்வாள்?

அவர்கள் போனதும், தன் கடைசி அஸ்திரத்தை மனைவி காதில் போட்டார்.

"தலைவி யாருன்னு கண்டுபிடிச்சு ஒரு பதவி குடுத்துடணும். மத்தவங்களுக்குப் பொறாமை வரும். கூட்டம் தானா கலைஞ்சிடும்."

"என்ன பதவிங்க?"

"மாடிப் பொறுப்பாளர். சாவியையே கையில குடுத்துடறேன். அப்புறம் அவங்களாச்சு, அவங்க சண்டையாச்சு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சங்கக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்பத்தான் பொறாமை நல்லா வரும்."

இத்தனை புத்திசாலியான மனைவி தனக்கு வாய்த்ததை நினைத்து அவர் பெருமைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து, போராட்டத் தலைவி முன்னால் வந்து சாவியை வாங்கிக்கொள்ளலாம், இனி மாடி அவர் பொறுப்பு என்று கம்பீரமாக அறிவித்தார். ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய மனைவி எழுந்து வந்து கை நீட்டினாள். சொன்ன வாக்கைச் சபை நடுவில் விழுங்க முடியுமா? கொடுத்தார். யாருக்கும் பொறாமை வந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்றாள். "கல்யாணமானதுலேருந்து நீங்க பேசறீங்க, நான் கேக்கறேன். நான் பேசினா கேக்கறதுக்கு ஆள் இருந்தது அங்க மட்டும்தாங்க. அதையும் பூட்டிட்டீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். அவள் இல்லாத வீடு இத்தனை வெறிச்சென்று இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. மெல்ல மாடியேறிக் கதவோரம் நின்றார். பேச்சு நின்றுபோனது. நானும் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார்.

மனைவி மற்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாயில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காருங்க," என்றாள். "ஆனா பேசக் கூடாது."