மெடிக்கல் சர்ட்டிபிகேட் இல்லாத வலி

ஐப்பசி மாசக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டிரைக் பண்ணுவதென்று முடிவு செய்தேன்.

கம்பெனியை எதிர்த்து அல்ல. என் சம்சாரம் அம்சவல்லியை எதிர்த்து.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேர் கண்ணப்பன். வயசு ஐம்பத்தாறு. வீடு வல்லக்கோட்டையில், முருகன் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஸ்பிரிங் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக டைம் ஆபீஸ் உத்தியோகம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், யார் லீவு போட்டான், யார் லீவுக்கு என்ன பொய் சொன்னான் என்பதெல்லாம் என் கையில். ஒருத்தனுடைய அப்பா என் ரிஜிஸ்டரில் மூன்று தடவை செத்திருக்கிறார். மூன்றாவது தடவை செத்த அன்றைக்கு அவரே மகனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றார்.

இப்படிப்பட்ட உலகத்தில் நான் நம்பியது ஒரே ஒரு கேள்வியைத்தான். வயிற்று வலியா, சர்ட்டிபிகேட் இருக்கா? மண்டையிடியா, சர்ட்டிபிகேட் இருக்கா? கம்பெனியில் எனக்குக் கண்ணப்பன் என்று பேர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. 'சர்ட்டிபிகேட்டு வராரு' என்பார்கள்.

இந்தக் கேள்வியைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

அம்சாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. மாசாமாசம் வருகிற தூரம் நின்று இரண்டு வருஷம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் அம்பத்தூரில் வேலையோடு தங்கிவிட்டான். இனிமேல்தான் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் என்னடாவென்றால், நான் கிட்டே போனாலே முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாமே?" என்றேன்.

"எரியுது."

"எங்க?"

"உன் தலையில. எங்கன்னு கேக்கறியே. அங்கதான். வறண்டு போயி, உப்புத்தாள் வச்சித் தேய்ச்ச மாதிரி கீது. ஒண்ணுக்குப் போனாக்கூட காந்துது."

"போன மாசமும் இதையேதான் சொன்ன."

"போன மாசமும் எரிஞ்சுது, சொன்னேன். எரியாதப்ப சொல்றதுக்கு எனக்கு இன்னா பைத்தியமா?"

"வயசானா அப்பிடித்தான். சுக்குத்தண்ணி குடி."

"எனக்கு எரியற எடத்துக்கும் சுக்குத்தண்ணிக்கும் இன்னாய்யா சம்பந்தம்?"

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ள மனுஷன் வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தானாக வந்துவிட்டது.

"சர்ட்டிபிகேட் இருக்கா?"

அம்சா என்னை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து, தலையணையை எடுத்துக்கொண்டு, அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் உள் அறைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பக்கத்தில் படுக்கிற பாக்கியம் ரேஷன் அரிசிக்குத்தான்.

நானும் விட்டுவிடவில்லை. வாலாஜாபாத் கடைவீதிக்குப் போய், இருப்பதிலேயே வாசனையான சந்தன சோப்பாகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கிவந்தேன். மூன்று சோப்பு. 'வாங்கிக் கொடுத்தவன் மனசு இந்த நுரை மாதிரி' என்று ஒரு வசனம் கூட வைத்திருந்தேன். அம்சாவும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். நாலு நாள் நன்றாகத் தேய்த்துக் குளித்தாள். ஐந்தாம் நாள் கருங்கல் ஜல்லி மேல் நடக்கிறவள் மாதிரி நடந்தாள். என் வசனம் வாய்க்குள்ளேயே வற்றிவிட்டது.

உங்களிடம் மறைப்பானேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். இது வலி இல்லை, என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, அதை நேராகச் சொல்ல மனசில்லாமல் எரியுது காந்துது என்கிறாள் என்ற பயம். லீவு கேட்கிறவன் கம்பெனி பிடிக்கவில்லை என்றா சொல்லுவான்? அப்பா செத்தார் என்றுதானே சொல்லுவான்.

அதற்குத்தான் ஸ்டிரைக். உற்பத்தியை நிறுத்தினால்தான் முதலாளிக்கு உற்பத்தியின் அருமை தெரியும்.

வழியும் கையிலேயே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் பக்கத்து வீட்டு ரத்தினம் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கம்பெனியிலேயே போர்மேன். பதினோரு வருஷமாக சபரிமலைக்குப் போகிற குருசாமி. "கண்ணப்பா, இந்த வருசம் நீயும் மாலை போட்டுக்கோயேன். எத்தினி வருசமா கூப்டறேன்" என்றார். ஒரு வருஷமும் கூப்பிட்டதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் பெண்டாட்டியை ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது என்பதுதான் உறைத்தது. அவள் என்னை ஒதுக்குவது போய், நான் அவளை ஒதுக்குவேன். அதுவும் சாமி பேரைச் சொல்லி. பத்தாம் நாள் தலையணையோடு வந்து நிற்பாள்.

மூன்றாவது இட்லியை விழுங்கிவிட்டுச் சொன்னேன். "நான் கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடப் போறேன்."

அவள் முகம் வாடும் என்று பார்த்தேன். சட்னி ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

"யாரு, நீயா? நாப்பத்தெட்டு நாளா?"

"ஆமா."

"நாலு நாள் தாங்க மாட்ட."

"பாக்கறியா?"

"பாக்கறேன்."

"நடுவுல நீ வந்து அழுதாலும் கழட்ட மாட்டேன்."

"அழுவுறது யாருன்னு பாப்போம். இன்னொரு இட்லி வக்கவா?"

மாலை போட்டாயிற்று. கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறுங்கால், தாடி. டைம் ஆபீஸில் எல்லாரும் 'சர்ட்டிபிகேட் சாமி' என்றார்கள். கார்த்திகைக் குளிரில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். மூடுபனிக்கு நடுவில் அம்சா நாலு மணிக்கே எழுந்து, நான் மறந்துவிடப் போகிறேன் என்று, கிணற்றிலிருந்து தானே இறைத்து இரண்டு குடம் என் தலையில் ஊற்றினாள். இவ்வளவு பக்தியை நான் அவளிடம் முன்னே பின்னே பார்த்ததில்லை.

"வெந்நீர்ல ரெண்டு சொம்பு கலக்கக்கூடாதா?"

"குருசாமி கூடாதுன்னாரு, சாமி."

ராத்திரி வெறுந்தரையில் ஒரு துண்டு விரித்துப் படுக்கை. தலைக்கு ஒரு மணைப்பலகை. ஒரு வாரத்தில் என் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்தது.

எல்லாப் பெண்களையும் தாயாக நினைக்க வேண்டும் என்று ரத்தினம் உத்தரவு. அதனால் முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணின பெண்டாட்டியைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று. அவளும் "ஊத்தறேன் சாமி" என்று, பெற்ற பிள்ளைக்கு ஊற்றுவது மாதிரி ஊற்றினாள். பத்தாம் நாள் வந்தது. தலையணை வரவில்லை. இருபதாம் நாளும் வரவில்லை. அவள் ஒரு சுற்றுப் பூசினாற்போல ஆகிக்கொண்டிருந்தாள். நடை நேராகிவிட்டது. குழம்பு தாளிக்கும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். சந்தன சோப்பில் என் கறுப்பு வேட்டியைத் துவைத்தாள்.

"அம்மா, நடுவுல வாலாஜாபாத்துக்கு எதுக்குப் போயிட்டு வந்தீங்க?"

"எங்கக்கா வூட்டுக்கு, சாமி."

ஒரு நாள் உள் அறையில் நெற்றிக்குத் துன்னூறு தேடினேன். அரிசி மூட்டைக்குப் பின்னால், மஞ்சள் துணியில் சுற்றி, பல் பசை டியூப் மாதிரி ஒன்று இருந்தது. பாதி பிதுக்கியிருந்தது.

"இது இன்னா?"

அம்சா வாசற்படியில் நின்று கையைக் கூப்பினாள். "பொம்பளைங்க சமாச்சாரம். மாலை போட்ட சாமி தொடக்கூடாது. கேக்கவும் கூடாது."

சுட்டது மாதிரி கீழே வைத்துவிட்டேன். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

கோயிலில் இருமுடி கட்டி, வேனில் போய், ஏறி, தரிசனம் பண்ணி, இறங்கினோம். இறங்கும்போது முதுகில் என்னமோ சுருக்கென்றது. பக்திப் பரவசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையைக் கழற்றி, தாடியை வழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு. செகண்ட் ஷிப்டுக்கு மறுநாள்தான் போகணும். அம்சா தலை குளித்து, மல்லி வைத்து, நீலப் புடவையில் இருந்தாள். கூடத்துக் கட்டிலில் என் தலையணை. அதன் பக்கத்தில் அவளுடைய தலையணை.

ஸ்டிரைக் வெற்றி. எனக்குக் கொடி ஏற்ற வேண்டும் போலிருந்தது.

"தெரிஞ்சுதா, என் அருமை?" என்றேன், கட்டிலில் சாய்ந்துகொண்டு.

"தெரிஞ்சுது. உக்காரு. நீ கேட்டது ஒண்ணு பாக்கி கீது" என்று ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். வாலாஜாபாத்தில் ஒரு லேடி டாக்டருடைய சீட்டு. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. நான் டைம் ஆபீஸ்காரன், முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். நவம்பர் பதினொன்று. திங்கட்கிழமை. நான் ஸ்டிரைக் முடிவெடுத்ததற்கு முந்தின நாள். கீழே, ஆறு வாரம் மருந்து, அதுவரை தாம்பத்தியம் கூடாது என்று எழுதியிருந்தது.

"இது..."

"சர்ட்டிபிகேட்டு. டாக்டரம்மா சிரிச்சிக்கினே எழுதிக் குடுத்தாங்க. தூரம் நின்னா உடம்புல ஊறுறது கொறைஞ்சுடுமாம். அந்தத் தோலு மெலிசாயிடுமாம். வியாதி இல்ல, நடிப்பும் இல்ல. நெறைய பேருக்கு வருதாம். எவளும் வெளிய சொல்றதில்லையாம். அந்த டியூப்புதான் மருந்து. அந்த எடத்துல சோப்பு மட்டும் கூடவே கூடாதாம். நீ வாங்கியாந்த சோப்புதான் பாதி எரிச்சலு."

"ஒரு லேடி டாக்டர்கிட்டப் போயி இதையெல்லாம் நீயா சொன்ன?"

"நீ போயி சொல்லுவியா? அங்க சீட்டு எழுதற பொம்பளகூட கேட்டா. 'இந்த வயசுல இன்னாத்துக்கும்மா இதெல்லாம்'னா. எனக்குத்தான் வயசாச்சு, ஆசைக்கு இன்னும் ரிட்டயர்மெண்ட் ஆர்டர் வரலன்னேன். பேசாம சீட்டு எழுதிட்டா. நான் வலியையும் தாங்கிக்க மாட்டேன், உன்னையும் விட்டுக்குடுக்க மாட்டேன். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோன்னு எவன் எனக்குச் சொல்றது?"

உன்னையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதைக் கேட்டதும் நாலு மாசப் பயம் மலை இறங்கிவிட்டது. கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது. அப்புறம்தான் தேதி மறுபடி உறுத்தியது.

"அப்ப ரத்தினம் கூப்டது?"

"ஆறு வாரம் உன்ன எங்க கட்டிப் போடறது? நான் சொன்னா சர்ட்டிபிகேட் கேப்ப. அய்யப்பன்கிட்ட கேக்க மாட்டயில்ல. பக்கத்து வூட்டு சரோஜாகிட்ட சொன்னேன், அவ தன் வூட்டுக்காரரு ரத்தினத்துகிட்ட சொன்னா. ஆறு வாரம்னா நாப்பத்திரண்டு நாளு. மண்டலம் நாப்பத்தெட்டு. மீதி ஆறு நாளு எனக்கு போனஸு."

"நான் போடாம இருந்திருந்தா?"

"நாலு நாள் தாங்க மாட்டன்னு நான் சொன்னப்புறமா?"

ஆயிரத்து இருநூறு பேருடைய பொய்யைக் கண்டுபிடித்தவன் நான். கட்டிலிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை.

"அம்சா, நான் அன்னிக்கே இன்னா ஏதுன்னு கேட்டிருக்கணும்."

"கேட்டியே. சர்ட்டிபிகேட் கேட்ட." சிரித்தாள். கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள். "இனிமே நானு வலிக்குதுன்னா வலிக்குது. வேணாம்னா வேணாம். வான்னா வா. சரியா?"

"சரி."

"வா."

ஐம்பத்தாறு வயசில் ஒரு மனுஷனுக்கு இதைவிட நல்ல வார்த்தை கிடைக்காது. துள்ளி எழுந்தேன். பாதிதான் எழுந்தேன். மலையில் சுருக்கென்றது பரவசமில்லை. இடுப்பில் யாரோ ஸ்பேனர் போட்டு இறுக்கினது மாதிரி பிடித்துக்கொண்டது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கூடத்து நடுவில் ஒரு கையைக் கட்டிலிலும் ஒரு கையை முதுகிலும் வைத்து, கூனி நின்றேன்.

"இன்னாச்சு?"

"முதுகு. அசைய முடியல, அம்சா."

"வயசானா அப்பிடித்தான். சுக்குத்தண்ணி போடவா?"

"நெசமா வலிக்குதுமே."

அம்சா என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலையில் இருந்த மல்லியைச் சரிசெய்துகொண்டாள். நிதானமாகத் தன் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையை என் முன்னால் நீட்டினாள்.

"சர்ட்டிபிகேட் கீதா?"