முயல் வளையும் தவளை லாக்கும்

ஒரு காட்டில், எந்த மிருகம் எந்த வளையில் குடியிருக்கிறது, அதன் பின்வாசல் எங்கே இருக்கிறது என்ற விவரங்களையெல்லாம் கிளவுட் என்ற இணையக் கிடங்கில் ஏற்றி வைத்திருந்தார்கள். முன்பு அவை ஆலமரப் பொந்தில் ஓலைகளாகக் கிடந்தன, கரையான் தின்றுவிட்டது. கிளவுடுக்குக் கரையான் வராது என்று சொல்லி விற்றவர்கள், நரி வராது என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குக் காவல், செவந்தி என்ற கீரி. கிளவுடுக்குள் யார் எதைச் செய்தாலும் ஒரு வரி பதிவாகும். அந்தப் பதிவுக்கு லாக் என்று பெயர். எந்தெந்த லாக்கைத் திரட்டிக் கண்காணிப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் அவளுடைய முதல் வேலை.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? எல்லாத்தையும் திரட்டு," என்றார் அவளுடைய மேலதிகாரி பூவராகன். அவர் ஒரு காட்டுப்பன்றி.

எல்லாவற்றையும் திரட்டினாள். குளத்துத் தவளைகள் தங்கள் கச்சேரியைக்கூட கிளவுடில்தான் சேமித்து வந்தன. தவளை கத்தியது என்று ஒரு வரி வந்தது. தவளை மறுபடியும் கத்தியது என்று இன்னொரு வரி வந்தது. அணில் தன் கொட்டைகள் இருக்குமிடத்தைத் திறந்து பார்த்தது. மறந்துபோய் மறுபடியும் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை மணி அடித்ததில், கொஞ்ச நாளில் மணிச்சத்தம் செவந்தியின் காதில் விழுவதே நின்றுபோயிற்று.

"சார், இப்படியே போனா நரியே உள்ள வந்தாலும் எனக்குத் தெரியாது," என்றாள். "கிளவுடைத் திறக்க யாரோட சாவி எந்த விவரத்தைத் தொடுதுன்னு ஒரு லாக் இருக்கு. அதை மட்டுமாவது ஒழுங்கா பார்ப்போம். மத்ததை நிறுத்திடலாம்."

பூவராகனின் முகம் சுண்டியது. அவர் தன் சாவியை மைத்துனர்களுக்கெல்லாம் கொடுத்து வைத்திருந்தார். எங்கே கிழங்கு இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

"சாவி லாக் வேண்டாம்மா. பெரியவங்களைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும். தவளை லாக்கை மட்டும் வச்சுக்க. திரையில அந்தக் கோடு ஏறி இறங்குறது எவ்வளவு லட்சணமா இருக்கு. ராஜாவுக்கும் அதுதான் பிடிச்சிருக்கு."

செவந்தி பல்லைக் கடித்துக்கொண்டு தவளைகளைக் கண்காணித்தாள்.

ஒரு சாயங்காலம் தனம் என்ற முயல் தன் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். குட்டியின் வாலில் பாதியைக் காணவில்லை.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து நரி, நேரா எங்க பின்வாசலுக்கே வந்துச்சு. அந்த வாசலை நாங்க கிளவுடைத் தவிர யார்கிட்டயும் சொன்னதில்லையே."

குட்டியின் வாலைப் பார்த்ததும் செவந்தி யாரையும் கேட்காமல் சாவி லாக்கைப் போட்டாள். மறுநாளே அகப்பட்டுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பூவராகனின் சாவியைப் போட்டு, மறுபடியும் முயல்களின் முகவரிகளை நகலெடுத்திருந்தார்கள். ஒரு மைத்துனர் சாவியை எங்கோ தொலைத்திருக்க வேண்டும்.

அந்த லாக்கை எடுத்துக்கொண்டு சிங்கராஜாவின் சபைக்குப் போனாள். பூவராகன் அதை வாங்கி, முதல் வரியை உரக்கப் படித்தார்.

"செவந்தி, அனுமதியின்றி, சாவி லாக்கை இயக்கினாள்."

பிறகு அடுத்த வரியைப் படித்தார்.

"பூவராகன், உரிய அனுமதியுடன், முகவரிகளை நகலெடுத்தார்."

"ரெண்டுல எது தப்பு?" என்று ராஜா கேட்டார். சபைக்கே விடை தெரிந்தது. லாக் நிறுத்தப்பட்டது. செவந்திக்கு எழுத்துமூலம் கண்டிப்பு. மீண்டும் தவளைகள்.

தனம் அவளைத் தேடி வந்தாள். "புது வளைக்குக் குடிபோயிட்டோம். அந்த முகவரியையும் கிளவுடுல ஏத்தணுமாம். ஏத்தினா மறுபடியும் வந்துடுவானுங்களேம்மா."

செவந்தி குரலைத் தாழ்த்தினாள்.

"சட்டப்படி ஏத்தித்தான் ஆகணும் தனம்மா," என்றாள். "ஆனா நீங்க ஏத்துறது உங்க முகவரிதானான்னு காட்டுற லாக் எதையும் நாங்க பார்க்குறதில்ல."

தனம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றே காட்டிலுள்ள முயல்கள் எல்லாம் தங்கள் முகவரியைப் புதுப்பித்தன. எல்லாம் ஒரே முகவரி.

அடுத்த நாள் பொழுது சாய்ந்ததும், அக்கரை நரிகள் கூட்டமாகப் பூவராகனின் பின்வாசலில் வந்து இறங்கின.

மறுநாள் காலை அவர் நொண்டிக்கொண்டே அலுவலகம் வந்தார். உட்காரவில்லை, உட்காரும் நிலையில் இல்லை.

"செவந்தி, அந்தச் சாவி லாக்கை உடனே போடும்மா. என் பழைய சாவியையும் ரத்து பண்ணிடு."

"தவளை லாக் சார்?"

"அது எதுக்கு? வெறும் சத்தம்."

பூவராகனின் தொலைநோக்கைப் பாராட்டி ராஜா சுற்றறிக்கை அனுப்பினார். செவந்தியும் அதில் கையெழுத்துப் போட்டாள்.

நீதி: எந்த லாக்கைத் திரட்டுவது என்று குழப்பமாக இருந்தால், முதலில் மேலதிகாரியின் வீட்டு விலாசம் வெளியே போக வழி செய்யுங்கள். மற்றதை அவரே தேர்ந்தெடுத்துவிடுவார்.