நடக்காது என்ற ரோலண்ட்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி சொன்னது. அவளுடைய அம்மா வினிஃப்ரெடுக்கு ரோலண்ட் அடுத்த வீட்டுக்காரர். கேட்டபடியே சொல்கிறேன்.

லண்டன் முடிந்து கெண்ட் மாவட்டத்து வயல்கள் தொடங்கும் ஓரத்தில் அவர் வீடு. தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினேழு வயது டீசல் கார் வைத்திருந்தார். தெருமுனையில் செய்தித்தாள் வாங்கக்கூட அதில்தான் போவார். "சர்க்கரை ஏறிட்டே போகுது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கலேன்னா இதயம் தாங்காது" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, காரிலேயே வீடு திரும்பினார்.

அடுத்த வாரம் லண்டன் மாநகராட்சியிலிருந்து ஒரு துண்டறிக்கை வந்தது. அன்றைக்கென்று பார்த்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காணோம். மனைவி கிளெண்டா படித்துச் சொன்னாள்.

"புகை விடுற பழைய வண்டிக்கெல்லாம் தினம் பன்னிரண்டரை பவுண்டாம். வாசல்லேர்ந்து எடுத்தாலே உண்டு."

"அது நடு ஊருக்குத்தானே?"

"எல்லையைத் தள்ளித் தள்ளிக் கொண்டாந்துட்டாங்க, ரோலி. நம்ம தெருவும் உள்ள வருது."

"ஒரு பென்னி குடுக்க மாட்டேன்!"

"பேரே கட்டணம். கட்டணும்."

"என்கிட்ட நடக்காது!"

"அது தெரியாதா எனக்கு? முப்பத்தொன்பது வருஷமா பாக்குறேன். டீ கொதிக்கிற அடுப்பு வரைக்கும்கூட நடக்காது."

ரோலண்ட் மோவாயைத் தடவினார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"காரை என் கூட்டாளி கீத்தோட பண்ணையில நிறுத்திட்டா? அது கெண்ட். அங்க எவன் கேட்பான்? நடந்து போய் எடுத்துக்கிட்டு, மீன் பிடிக்கப் போவேன். திரும்ப அங்கயே விட்டுட்டு நடந்து வருவேன்."

"பைத்தியமா உனக்கு? ஒன்றரை மைல்! மழையில கரைஞ்சிடுவே. பேசாம கட்டித் தொலை."

அவள் வேண்டாம் என்றாள். அதனால் அவர் முடிவே செய்துவிட்டார். மூக்குக்கண்ணாடி மறுநாள் ரொட்டி டப்பாவுக்குள் கிடைத்தது.

முதல் வாரம் கால் வீங்கியது. இரண்டாம் மாதம் இடுப்பு வாரில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. பார்ப்பவரிடமெல்லாம் லண்டன் மாநகரத்தையே மண்ணைக் கவ்வ வைத்ததாகச் சொல்லிக்கொண்டார்.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை பனியும் மழையும் கலந்து அடித்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும், கிளெண்டா. காரை வீட்டுக்கே கொண்டாந்துடறேன். தோத்துட்டேன்னே வச்சுக்கோ."

கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த கிளெண்டாவின் கை நின்றது. 

"சரி. வினிஃப்ரெட் அப்பவே சொன்னா, நீ கிறிஸ்துமஸைத் தாண்டி நடக்கமாட்டேன்னு. ஒரு மாசம் கூடவே ஓட்டிட்டே. பரவால்ல."

"அவளா சொன்னா?"

"அவ கிடக்கிறா விடு. ஷூவைக் கழட்டு, டீ போடறேன்."

ரோலண்ட் எழுந்தார். கிளெண்டா தொப்பியை எடுத்து நீட்டினாள். கதவைத் திறந்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளிருதா?"

"ஆமா" என்றாள்.

தெருமுனையில் அவர் திரும்பிப் பார்த்தபோதும் அவள் வாசலில்தான் நின்றிருந்தாள். தன் வீரத்தைப் பார்த்து மலைத்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மே மாதம் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார்.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. இதயமும் நல்லாருக்கு. என்ன பண்ணீங்க?"

"அரசாங்கத்தை ஏமாத்தினேன்!" என்றார் ரோலண்ட். பக்கத்தில் கிளெண்டா கைப்பைக்குள் வெகுநேரம் கைக்குட்டையைத் தேடினாள்.

தோழி சொன்னது இவ்வளவுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய்ப் பார்த்தேன். கட்டண எல்லைப் பலகை ரோலண்டின் தெருவுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே, லண்டன் பக்கம், அவர் போகாத திசையில் நின்றிருந்தது. கண் தப்பாகப் பார்த்திருக்கலாமே என்று, வீடு திரும்பி அந்தத் தெருவின் அஞ்சல் குறியீட்டைக் கணினியில் போட்டுப் பார்த்தேன்.

கட்டணம் இல்லை என்று வந்தது.