எருமைக்குக் கிடைத்த மசாஜ்

கடவுளே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும் "எத்தினி வருஷம் வாரண்டி?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மரக்காணம் உப்பளத்தில்தான் இருந்தார். அவர் பேரே வாரண்டி. பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்கே மறந்திருக்கும். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அடுத்தவர் வாங்கும் பொருளில் மூக்கை நுழைப்பது அவர் பொழுதுபோக்கு.

யாராவது குடை வாங்கினால் பிடுங்கி விரித்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பார். செருப்பு வாங்கினால் தானே போட்டுக்கொண்டு வரப்பில் ஒரு சுற்று நடந்து வருவார். பெண்கள் செருப்பானாலும் விடமாட்டார். என் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பாவிடம், "பையன் பாக்க நல்லாத்தான் இருக்கான். ஏதாவது கோளாறுன்னா திருப்பி எடுத்துப்பீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் பாதி குடித்த காபியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் அந்தக் கல்யாணம் நடந்தது எங்கள் குலதெய்வத்தின் கருணை.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். என் தோள் விஷயத்தில் அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொங்கிக்கொண்டு வருகிறது.

உப்பைப் பலகையால் வாரி இழுத்து இழுத்து, போன வருஷத்துக்கு முந்தின கோடையில் என் வலது தோள் இறுகிப்போனது. கூடையைத் தலைக்கு ஏற்றக் கை எழும்பவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டார். "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேம்மா. அப்புறம் வேற ஆள வெச்சுக்குவேன்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டேன். பஸ் என் ஊரைத் தாண்டிப் போனாலும், நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

அந்தச் சமயம் பார்த்து, கோட்டக்குப்பத்திலிருந்து கருவாட்டுக்கு உப்பு எடுக்க வரும் பாய், துபாயில் இருக்கும் தம்பி அனுப்பியதாக இரண்டு மசாஜ் கன் கொண்டுவந்தார். பார்ப்பதற்குச் சுவரில் துளை போடும் மிஷின் போல இருக்கும். நுனியில் ஒரு ரப்பர் உருண்டை. பட்டனை அமுக்கினால் தடதடவென்று சதையைக் குத்தும்.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஒரு வாரம் பாத்துட்டு உப்பு வார்ற நீங்க ஆறு பேரும் எது வேணுமோ வெச்சுக்கங்க. இன்னொண்ணக் குடுத்துடுங்க, என் ஊட்டுல முட்டி வலி" என்றார் பாய்.

உப்பளத்துக்கு வந்த இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பொருளுக்கு நான் முந்திக் கை நீட்டினேன். குறுக்கே கிரீஸ் படிந்த ஒரு கை வந்தது.

"யாரும் தொடாதீங்க! டெஸ்ட் பண்ணாம உடம்புல வெச்சா நரம்பு பிச்சுக்கும்!"

இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் வாரண்டி.

முதல் நாள், மழையில் நனைந்து கல்லாக இறுகிக் கிடந்த உப்பு மூட்டைமேல் வைத்தார். பெரியது மூட்டையைப் பொடிப்பொடியாக்கியது. சின்னது தோற்றது. "பெருசுக்கு ஒரு மார்க்!" மறுநாள் இன்ஜினில் துருப்பிடித்த நட்டின்மேல் வைத்தார். பெரியதை வைத்த கொஞ்ச நேரத்தில் நட்டு கழன்று விழுந்தது. "பெருசுக்கு ரெண்டு!"

மூன்றாம் நாள் டீக்கடைக்காரரின் எருமையைப் பிடித்தார். பெரியதை வைத்ததும் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, வாரவிருந்த உப்பைச் சேறாக்கிவிட்டது. திரும்பப் பிடித்து வந்து சின்னதை வைத்தார். எருமை கண்ணை மூடி அவர் மேலேயே தலையைச் சாய்த்தது.

"சின்னதுக்குப் பத்து மார்க்!"

நான் இடது கையால் தடவித் தடவி முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எருமைக்கு மசாஜ் நடக்கிறது!

அடுத்த இரண்டு நாள் ஆளையே காணோம். மிஷின்களும் இல்லை. ஆறாம் நாள் மஞ்சள் பையோடு வந்து நின்றார். நான் பலகையைப் போட்டுவிட்டு நேராக அவர் முன்னால் போனேன்.

"மனுசனாய்யா நீ? எருமைக்குக் குடுக்கற மரியாத எனக்குக் கெடையாதா? அதுக்கு மாசக் கடைசில வேல போவாது. எனக்குப் போவும்!"

உப்பளமே நின்றுவிட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். அவர் கோபப்படவில்லை. என் கையையே பார்த்தார்.

"கத்தறப்ப கைய ஓங்கின பாரு, அதே அளவுதான். காதுக்குக் கீழ நாலு விரல். ரெண்டு மாசமா அதுக்கு மேல போவல."

என் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இன்ஜின் கொட்டகையிலிருந்து அளந்திருக்கிறார்.

"ரெண்டு மிஷினையும் எடுத்துக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு நாள் வரிசை. உன் தோள் எப்படி நிக்குதுன்னு நானே நடிச்சுக் காட்டினேன். நீ முந்தானை போடறது வரைக்கும். நின்னவன் பூரா சிரிச்சான். உடற்பயிற்சி சொல்லித் தர்ற அந்தம்மா மட்டும் சிரிக்கல. 'இது இறுகிப்போன தோளு. இதுமேல குத்துற மிஷினே வெக்காதீங்க, ஆளக் கூட்டிட்டு வாங்க'ன்னுச்சு. நாளைக்கு வரச் சொல்லியிருக்கு, கெளம்பு."

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ரிசல்ட் வராம எப்படிச் சொல்றது?"

பலகையை எடுத்து ஒன்று போடலாம் என்றுதான் நினைத்தேன். கை எழும்பவில்லை.

மற்ற ஐந்து பேருக்கும் சின்னதையே தேர்ந்தெடுத்தார். "வலிக்கிற கையால பெருசத் தூக்கிப் பிடிச்சா, அந்த வலிக்கு இன்னொரு மிஷின் வாங்கணும்." பெரியது பாயிடம் திரும்பிப் போனது. "ஏம்பா, கிரீஸ் வாசனை அடிக்குதே! இத எப்படி ஊட்டுல குடுப்பேன்?" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

மேஸ்திரியிடம் வாரண்டி ஒரே பேச்சுத்தான் பேசினார். "மடை தொறந்து மூட இந்தம்மா வேணும். இல்லன்னா இன்ஜின நீயே ஓட்டிக்க." அந்த இன்ஜின் அவர் கைக்கு மட்டும்தான் கிளம்பும். மேஸ்திரி என்னை மடை வேலைக்கு மாற்றினார்.

ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சி, சுவரில் விரல்களை எறும்பு போல மேலே ஏற்றுவது. தினமும் வேலைக்கு முன்னால் கொட்டகைச் சுவரில் ஏற்றினேன். எட்டிய இடத்தில் அவர் கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். ஒரு விரல் குறைந்தாலும் ஊர் கேட்கத் திட்டு: "நேத்து இங்க இருந்தது இன்னிக்கு எங்க போச்சு? தூங்குதா உன் தோளு?" அத்தனை பேர் முன்னால்! கூசிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். எட்டு மாசம் அந்த அவமானம். ஒன்பதாம் மாசம் கூடை தலைக்கு ஏறியது.

போன வருஷம் அவர் வானூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

இந்தப் பொங்கலுக்குக் கொட்டகைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னாம்மா, இங்க மட்டும் வுட்டா அசிங்கமா இருக்குமே?" என்றார் வெள்ளையடிக்க வந்தவர்.

"இருக்கட்டுங்க" என்றேன். "கோடெல்லாம் அப்படியே இருக்கட்டும்."