மெதுவாக நடப்பவன் முன்னால் வா!

டீ குடிக்கக்கூட அணிவகுத்துப் போன ஒரே பட்டறை இந்த உலகத்தில், எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த போல்ட் பட்டறைதான். எல்லாம் எங்கள் வாட்ச்மேன் பர்மாக்காரர் செய்த வேலை. யுத்தத்தில் ஜப்பான்காரன் துரத்த, பட்டாளத்தோடு பர்மாக் காட்டு வழியே நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். சொந்தப் பெயரை அங்கேயே விட்டுவிட்டார் போலிருக்கிறது, யாருக்கும் தெரியாது.

நாலு பேர் சேர்ந்து வெளியே கிளம்பினால் போதும், "மெதுவா நடக்கறவன் முன்னாடி வா! வேகமானவன் பின்னாடி போ!" என்று வரிசை போட்டுவிடுவார். கடைசி ஆளாக அவர் வருவார். ஐந்து நிமிட டீ அரை மணி நேரமானது. மேனேஜர் கோபத்தில் மெமோ கொடுத்தார். அதை மடித்து பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு, "அட்ட ஏறாது சார்" என்றார் மனுஷன். கும்மிடிப்பூண்டியில் ஏது ரத்தம் குடிக்கிற காட்டு அட்டை!

என் கல்யாணத்துக்கு முதல் நாள். லீவு தராத மேனேஜர் புண்ணியத்தில் நான் பட்டறையில் இருந்தேன். அடைமழை. ரயில் நின்றுவிட்டது, ரோட்டில் வெள்ளம். போதாக்குறைக்கு எண்ணெயில் வழுக்கி விழுந்து என் கணுக்கால் வீங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் பொன்னேரி போய்ச் சேராவிட்டால், மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

"இன்னாத்துக்கு நைனா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற? தண்டவாளத்தப் புட்சிக்கினு நடந்தா பொன்னேரி" என்றார் பர்மாக்காரர்.

அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் கிளம்பினோம். நொண்டுகிற நான் முதலில். வீட்டுக்குப் போக ரயில் இல்லாமல் கூடவே வந்த மேனேஜருக்குக் கடைசிக்கு முந்தின இடம்.

"இன்னாய்யா பேஜாரு இது! அவன் நத்த மாதிரி போறான். வுடு, நான் முன்னாடி போறேன்" என்று மேனேஜர் சரிவில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பர்மாக்காரர் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார்.

கவரைப்பேட்டை தாண்டியதும் என் கால் நகர மறுத்தது. "நீங்க போங்க. நான் கொஞ்சம் குந்திக்கினு பின்னாடி வரேன்" என்றேன்.

பர்மாக்காரர் முகம் மாறிவிட்டது.

"அத்த மட்டும் சொல்லாத நைனா. காட்ல என் கூட்டாளியும் அத்தத்தான் சொன்னான். கால்ல புண்ணு. வருவான்னு நம்பி நடந்துக்கினே இருந்தேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

மேனேஜர் வந்து என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பந்தல் வாசலில் நின்று பர்மாக்காரர் எங்களை இரண்டு முறை எண்ணினார். "பதினொண்ணு. அல்லாரும் வந்துட்டோம்!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

என் கல்யாணப் போட்டோவில் அவர் கடைசி வரிசையில் கடைசி ஆள். இப்போது அவர் இல்லை. ஆனாலும் எங்கே நடந்தாலும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன், அந்த மனுஷன் வந்துகொண்டிருப்பார் என்ற தைரியத்தில்.