இரும்புக்குக் கிடைத்த சலுகை

மூலவாதி என்றதும் தாடி, திருநீறு, ஜெபமாலை என்று அடையாளம் தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள். அவர் சபாரி சூட் போட்டிருப்பார். காலையில் உங்களோடுதான் கம்பெனி பஸ்ஸில் பாலாநகர் போவார். மதம் அவருடைய பல கிளைகளில் ஒன்று, அவ்வளவுதான். ரசத்தில் பூண்டு, கேரம் ஆட்டத்தில் கட்டைவிரல், பஸ் ஜன்னலைத் திறப்பது, கல்யாணப் பந்தியில் பாயசம் வரவேண்டிய நேரம் என உலகில் எதற்கும் ஒரே ஒரு சரியான முறைதான் உண்டு. அது அவர் வீட்டு முறை. மற்றதெல்லாம்? சீரழிவு!

செகந்திராபாத்தில் இந்த இனத்தின் அருமையான மாதிரி, தியோடர். பூர்வீகம் பாளையங்கோட்டை, வேலை அரசாங்க ஆலையில் தரப் பரிசோதனை. எந்தப் பற்சக்கரமும் வரைபடத்து அளவுக்கு அச்சாக வராது என்று அறிந்தவர். 'பிளஸ் மைனஸ் இவ்வளவு போகலாம்' என்று சிரித்த முகத்தோடு முத்திரை குத்துவார். அந்தச் சலுகை ஆலை கேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் மகள் டோரிஸ் முதன்முறையாகத் தனியாகப் பாட இருந்தாள். பக்கத்தில் கிதார்.

"கீர்த்தனைக்கு ஆர்மோனியம்தான். கிதார் வந்தா நான் வரமாட்டேன்."

"கைக்கு டாடி? ஆர்மோனியம் பெத்லகேம்லயா செஞ்சாங்க?"

"நக்கோன்னா நக்கோ! ஆதியிலிருந்து அப்படித்தான்!"

'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்ற இந்த ஊர் உருது கூடாது, வீட்டில் சுத்தத் தமிழ் மட்டுமே பேசவேண்டும் என்ற சட்டமும் இவர் போட்டதுதான்.

"டாடி வரலைன்னா நான் பாடல" என்று டோரிஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் மனைவி யூனிஸ் அடுப்படியிலிருந்து வந்தார். "இரும்புக்குக்கூட பிளஸ் மைனஸ் குடுக்கியளே, பெத்த பிள்ளைக்கு ஒரு நூல் விட்டுக் குடுக்கப்படாதா?"

தியோடரின் சொந்த வேதத்திலிருந்தே வசனம் எடுத்துவிட்டாரே!

கிறிஸ்துமஸ் அன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டு. டோரிஸ் பாடினாள். கிதார் கொஞ்சியது.

"என்னங்க, காலு ஆடுது?" என்றார் யூனிஸ்.

"ஷூக்குள்ள கல்லு கெடக்கு."

அந்தக் கல் கடைசிச் சரணம் வரை தாளம் தப்பவில்லை.

சரி, 'எவ்வளவோ பெரிய விஷயங்கள் இருக்க, ரசத்தையும் கிதாரையும் வைத்தா மூலவாதத்துக்கு இலக்கணம் சொல்வது? அதற்குச் சரியான இலக்கணம் ஒன்றே ஒன்றுதான், அது எனக்குத் தெரியும்' என்று உங்கள் நாக்கு துடிக்கிறதா?

எதற்கும் ஷூவைக் கழற்றி ஒருமுறை உதறிப் பாருங்கள், உள்ளே ஒரு தியோடர் உட்கார்ந்திருக்கலாம்.